கல்தலையனின் வலது கால்

என் வீட்டுக்காரருக்கு அடி வாங்குவதுதான் பிழைப்பு. கல்தலையன் என்ற காமிக்ஸ் வில்லனாக, குழந்தைகளுக்கான மேடைக் காட்சியில் பதினோரு வருடமாக வேஷம் கட்டுகிறார். கல்தலையன் லேசுப்பட்டவன் இல்லை. வெறுங்கையால் நான்கு பேரை மடக்குவான், கம்பு சுழற்றுவான், மாடியிலிருந்து விழுந்தாலும் தூசி தட்டிக்கொண்டு எழுவான். வீட்டிலோ இந்த மகராசன் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறிக்கொள்வார்.

அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சண்டையில் நிஜமாகவே வலித்துவிட்டால், வாய் திறக்காமல் உள்ளங்கையால் மேடையை இரண்டு தரம் தட்ட வேண்டும். எதிராளி கையை அடக்கிக்கொள்வார். ஆறு மாதமாக இவர் தட்டவே இல்லையாம். ஹீரோ வேஷக்காரர் என்னிடம் வாயாரப் புகழ்ந்தார். "அண்ணன் நிஜமாவே கல்தலையன் ஆயிட்டாரு அண்ணி! கால்ல ஓங்கிப் போடறேன், கண்ணைக்கூட சிமிட்ட மாட்டேங்கறாரு."

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. நகம் வெட்டும்போது சதையில் பட்டாலே ஊரைக் கூட்டுகிற ஆள், திடீரென்று எப்படி வீரரானார்? வலி தெரியாமலிருக்க ஏதோ மாத்திரை விழுங்குகிறார், வேறென்ன! இப்படியே போனால் ஒருநாள் ஒடிந்த காலோடு குதித்துக் காலையே இழந்துவிடுவார் என்று எனக்குப் பயம். சட்டைப் பை, அலமாரி எல்லாவற்றையும் குடைந்தேன். மாத்திரை இல்லை. அன்று மத்தியானம் காட்சி முடிந்து வந்து அவர் கழற்றிப் போட்ட வலது காலுறையில் ரத்தம். ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஏறிய ஆணி உள்ளே துருத்திக்கொண்டு நின்றது.

"இதைப் போட்டுக்கிட்டா நடந்து வந்தீங்க?"

"அட, ஆணியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் பாருங்கள்! "நடிப்பையெல்லாம் மேடையோட வச்சுக்கோங்க. வலிக்குதுன்னு சொன்னா வேலை போயிடும்னு பயமா?"

"சத்தியமா வலிக்கலைடி."

கட்டிலில் காலை நீட்டிப் பேப்பரை விரித்துக்கொண்டார். இவர் சத்தியத்தை நான் அறியாதவளா? மருந்து போடுகிற சாக்கில் கால்மாட்டில் உட்கார்ந்து, என் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். வலது கால் பெருவிரலில் லேசாகக் குத்தினேன். பேப்பர் அசையவில்லை. பலே ஆள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளங்காலில் அழுத்தியே குத்தினேன். ரத்தம் பொட்டாக எழும்பியது.

அவர் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். "மருந்து போடறேன்னியே, இன்னும் என்ன பண்றே?"

மனுஷன் நடிக்கவில்லை. காலில் உணர்வே செத்துக் கிடந்திருக்கிறது. அந்தக் காலைத்தான் ஆறு மாதமாக அடித்திருக்கிறார்கள், அதற்குக் கைதட்டல் வேறு. பாவி, நான் சந்தேகப்பட்டதுகூடத் தப்பாகப் போயிற்றே!

"எழுந்திருங்க," என்றேன். அழுதுகொண்டே அவர் சட்டையை எடுத்து நீட்டினேன். "இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

அவர் பேப்பரை இறக்கி, அழுகிற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டர் எதுக்குடி? எனக்குத்தான் வலிக்கவே இல்லையே."