காலிப் பொட்டலத்துக்கு விழுந்த ஓட்டுகள்

வலைச் சேவைகள் எழுத உதவும், ஜாவா என்ற கணினி மொழியிலான கட்டமைப்பு ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறோம். புதுப் பதிப்பு வெளிவருமுன் ஆளாளுக்கு அதை இறக்கி, ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் மின்னஞ்சல் குழுவில் 'பிளஸ் ஒன்' என்று சம்மத ஓட்டுப் போட வேண்டும். அதுதான் வழக்கம்.

போன முறை பதிப்பை இணையத்தில் ஏற்றியவன் நான். மேலப்பாளையத்தில் என் வீட்டில் அது ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. கரண்டு வந்ததும், ஏறியிருக்கும் என்ற நினைப்பில் ஓட்டுக்கு அழைத்தேன். சாயங்காலத்துக்குள் பிளஸ் ஒன்கள் குவிந்துவிட்டன. ஒருவர் எல்லாச் சோதனையும் தேறியது என்றார். இன்னொருவருக்கு முந்தைய பதிப்பைவிட வேகம் அதிகமாம்!

மறுநாள் நானே இறக்கிப் பார்த்தேன். கோப்புக்குப் பெயர் இருந்தது. உள்ளே ஒரு வரி நிரல்கூட இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் பாளையங்கோட்டைக்காரர், என் பழைய கூட்டாளி. அவருக்குப் போன் போட்டேன்.

"இறக்கிப் பாத்தீராவே?"

"நீரு ஏத்தினா சரியாத்தானவே இருக்கும்," என்று சிரித்தார்.

குழுவுக்கு எழுதினேன்: 'கோப்பு காலி. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கவில்லை. வெட்கமாக இல்லையா?'

அனுப்பிய கையோடு முதல் பதில் வந்தது.

'பிளஸ் ஒன். அருமையான பதிப்பு, வாழ்த்துகள்.'