‘பலி’ என்கிற இரண்டெழுத்து

அன்றைய பேப்பரில் முதல் பக்கத்திலும் ஐந்தாம் பக்கத்திலும் ஒரே ஆளைப் பற்றித்தான் நான் தலைப்புப் போட்டிருந்தேன். அது எனக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் ஆனது. தெரிந்தபோது எதிரில் அந்த ஆளின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

நான் வசந்தா. விழுப்புரத்தில் ஒரு மாலைப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷம் சப்-எடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபீஸில் எனக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் பாதியாக வெட்டுவேன். வெட்டின பாதியை நினைத்து ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இந்த ஒரு தடவையைத் தவிர.

1. பன்னிரண்டரை மணி

மாலைப் பேப்பருக்குப் பகல் பன்னிரண்டரைக்கெல்லாம் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டே காலுக்கு மேல் எங்கள் டெஸ்க் கல்யாண வீட்டுச் சமையல்கட்டுதான். அன்றைக்கு அந்த நேரம் பார்த்து செய்தி ஏஜென்சியிலிருந்து காப்பி ஒன்று வந்தது. மேற்கே ஒரு நாட்டில், சந்தை இருக்கிற ஊரில், ஒரு வல்லரசின் விமானம் முந்தாநாள் குண்டு போட்டிருக்கிறது. ஒன்பது பயங்கரவாதிகள் இறந்ததாக அதன் ராணுவம் இப்போதுதான் சொல்கிறது.

இரண்டு நாட்டின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்தவள் நடுவில் நிற்பாள்.

முதல் பக்கத்தில் டபுள் காலம், அதாவது இரண்டு பத்தி அகல இடம்தான் மிச்சம். அதில் வரிக்குப் பத்து எழுத்து உட்கார்ந்தால் பெரிது. ‘கொல்லப்பட்டனர்’ என்று போட்டால் அது ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். ‘பலி’ அப்படி இல்லை. இரண்டே எழுத்து, எந்த மூலையிலும் நுழையும். பஸ் கவிழ்ந்தாலும் பலி, ஏரியில் மூழ்கினாலும் பலி. தமிழ் சப்-எடிட்டர்களுக்குச் சோறு போட்ட சொல் அது.

‘பயங்கரவாதிகள் 9 பேர் பலி’ என்று போட்டேன். அப்படியும் செய்தி இரண்டு வரி வழிந்தது. கடைசியில் ‘என்று ராணுவம் தெரிவித்தது’ என்று இருந்ததை வெட்டினேன். பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. டீ குடிக்கப் போனேன்.

ஐந்தாம் பக்கத்தில் திண்டிவனம் நிருபர் அனுப்பிய சிங்கிள் காலம் செய்தி. பிரம்மதேசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெளிநாட்டுக்கு பேக்கரி வேலைக்குப் போன தாவீது என்பவரிடமிருந்து இரண்டு நாளாக போன் இல்லை, மனைவி கலெக்டரிடம் மனு கொடுத்தார். அதற்கு ‘வெளிநாட்டில் கணவர் மாயம்: மனைவி கண்ணீர் மனு’ என்று தலைப்பு வைத்தேன். கண்ணீர் நாங்கள் இலவசமாகச் சேர்ப்பது. இரண்டு செய்தியிலும் அந்த வெளிநாட்டு ஊரின் பெயர் ஒன்றுதான். ஒன்றைப் பதினோரு மணிக்கும் இன்னொன்றைப் பன்னிரண்டரைக்கும் பார்த்தேன். எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் டீக்கடையில் பேப்பர் படிப்பவனுக்கு டெட்லைன் கிடையாதே. அவன் சேர்த்துப் படித்துவிட்டான்.

2. எஸ்தர் கேட்டது

அவள் பெயர் எஸ்தர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலை. ஒரு வாரம் கழித்து, ஒரு துணிப்பையில் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். அழுது தீர்த்த முகம். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“மேடம், இது ரெண்டும் ஒரே ஆளு மேடம். ரெண்டும் எங்க வூட்டுக்காரரு.”

எனக்குப் புரியவில்லை. செல்போனை எடுத்து வைத்தாள். அந்தச் சந்தையில் தாவீது வேலை செய்த பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் இருந்த பண்ருட்டிக்காரர் ஒருவர் அனுப்பிய குரல் பதிவு. நான் கேட்டேன்.

“எஸ்தரு, மனச தைரியமா வெச்சிக்கம்மா. காலைல ரொட்டி போட்டுக்கினு இருந்தாங்க. மேலேர்ந்து போட்டுட்டாம்மா. ஒம்போது பேரும் அடுப்பாண்டயே... நம்ம தாவீதும் அதுல. இங்க இப்ப ஏரோப்ளேன் சத்தம் கேட்டாலே புள்ளைங்கல்லாம் கட்டிலுக்குக் கீழ பூந்துக்குதுங்கம்மா.”

பின்னால் படங்கள். இடிந்த சுவர், பாதி போர்டு, மாவு அப்பிய இரும்புத் தட்டுகள்.

“எம் பொண்ணு ஏழாவது படிக்கிறா மேடம். இஸ்கூல்ல பசங்க ‘பேப்பர்ல வந்த பயங்கரவாதி உங்கப்பனாடி’ன்னு கேட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து போவ மாட்டேங்குறா. பைய தூக்கிப் பரண்மேல போட்டுட்டா. அப்பன் செத்த துக்கத்த அழறதா, இத அழறதான்னு அந்தக் கொழந்தைக்குத் தெரியல.”

நான் மெல்ல, “தப்பு நடந்துபோச்சும்மா. திருத்தம் போட்டுடறோம். தாவீது பயங்கரவாதி இல்ல, அப்பாவித் தொழிலாளின்னு” என்றேன்.

எஸ்தர் தலையாட்டவில்லை. “மீதி எட்டு பேரு?” என்றாள்.

“அவங்களப் பத்தி நமக்கு...”

“அவங்களும் ரொட்டி போட்டவங்கதான் மேடம். எங்க வூட்டுக்காரரு போன்ல அவங்கள காட்டுவாரு. ஒருத்தரு இவருக்கு மாவு பெசயக் கத்துக் குடுத்தவரு, தாடி வெச்ச பெரியவரு. என்னைப் பாத்தா கைய நெஞ்சுல வெச்சி சலாம் சொல்லுவாரு. இவர ஒருத்தர மட்டும் வெளிய எடுத்துட்டா, அவங்க எட்டு பேரும் அப்பிடியே இருப்பாங்களா?”

அவள் பேப்பரைப் பிரித்து, தலைப்பின் கடைசிச் சொல்லில் விரலை வைத்தாள். மல்லாட்டைத் தோல் உரித்து உரித்து நகம் தேய்ந்த விரல்.

“அப்புறம் இது. பலின்னு போட்டிருக்கீங்க. நாங்க கோயிலுக்குப் போறவங்க இல்ல, ஆனா எங்க ஊர்ல எல்லாம் பாத்திருக்கேன். மேல்மலையனூருக்கு நேந்துக்கினு கோழி குடுப்பாங்க, கெடா குடுப்பாங்க. அதான பலி? குடுக்கறது யாருன்னு இருக்கும். எந்த சாமிக்குன்னு இருக்கும். இதுல யாரு குடுத்தாங்கன்னே காணோமே மேடம். அதுவாவா பலி ஆனாங்க?”

அடி அம்மா! இருபத்தாறு வருஷம் அந்தச் சொல்லை வைத்துப் பிழைத்தவள் நான். ஒருநாள் கூட எனக்கு இது தோன்றியதில்லை.

3. மூர்த்தி சாரோடு சண்டை

எங்கள் செய்தி ஆசிரியர் மூர்த்தி சார். நல்ல மனிதர், வாய்தான் பொல்லாதது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எஸ்தருக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பண்ருட்டிக்காரருக்கு அவரே போன் போட்டு ஒரு மணி நேரம் வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டார். அந்த ஊர் ஆஸ்பத்திரி சொன்னதாக ஏஜென்சி பின்னால் அனுப்பிய காப்பியைத் தேடி எடுத்தார். அதிலும் ஒன்பது பேரும் பேக்கரி ஆட்கள் என்றுதான் இருந்தது. அது வந்த அன்றைக்கு எங்களுக்கு இடம் இல்லை.

“முதல் பக்கத்துலயே போடலாம். இன்னா தலைப்பு வெக்கிற?” என்றார்.

எழுதி நீட்டினேன். ‘பேக்கரி மீது குண்டு: 9 தொழிலாளரைக் கொன்ற வல்லரசின் பயங்கரவாதம்’.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சண்டைக்குத் தயாராகிறார் என்று அர்த்தம்.

“கடைசி வார்த்தைய எடு.”

“எதுக்கு சார்? ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல குண்டு வெச்சா நான் கேக்காமலே பயங்கரவாதம்னு போடுவீங்க. ப்ளேன்ல வந்து போட்டா ராணுவ நடவடிக்கையா? மாமியார் ஒடச்சா மண்கொடம், மருமக ஒடச்சா பொன்கொடமா?”

“கத்தாத வசந்தா. பஸ் ஸ்டாண்டுல வெக்கிறவன் ஜனம் சாகணும்னே வெக்கிறான். ஜனத்த பயமுறுத்தறதுதான் அவனுக்கு வேலையே. இவன் வேற எவனையோ குறி வெச்சி, தப்பா இதுல போட்டிருக்கலாம். குத்தம் இல்லன்னு சொல்லல. போர்க்குத்தம்னு சொல்லு, விசாரிக்கணும்னு சொல்லு. ஆனா எல்லாத்தையும் ஒரே பேர்ல கூப்ட்டா, நாளைக்கு பஸ்ஸுல குண்டு வெக்கிறவன் ‘நானும் ராணுவம் மாதிரிதான்’னு வந்து நிப்பான். அவனுக்கு நீ வழி வுட்டவளா ஆயிடுவ.”

அது லேசில் தள்ளக்கூடிய பேச்சு இல்லை. நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனாலும் விடவில்லை.

“சந்தை நேரத்துல சந்தை மேல போட்டா ஜனம் சாகும்னு அவனுக்குத் தெரியாதா சார்? அத்தன பெரிய நாடு, மேலேர்ந்து எறும்பக் கூட பாக்குற கேமரா வெச்சிருக்கு. தெரிஞ்சே ‘செத்தா சாவட்டும்’னு போட்டா, அது ஒடனே வேற ஆயிடுமா?”

“அவன் மனசுல இன்னா இருந்துதுன்னு உனக்குத் தெரியுமா? நீ கூட இருந்தியா?”

“நான் இல்ல. அதுக்கு முன்னாடி, செத்தவங்க மனசுல இன்னா இருந்துதுன்னு எனக்குத் தெரியாமலேதான் பயங்கரவாதின்னு போட்டேன். அப்ப நீங்க கேக்கலியே?”

மூர்த்தி சார் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் அவரை மடக்கியது அது ஒரு தடவைதான். அதற்காக இன்றைக்கும் நான் கொஞ்சம் பெருமைப்படுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

டீ டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்த எஸ்தர் அப்போதுதான் பேசினாள்.

“சார், அதுக்கு இன்னா பேருன்னு பெரியவங்க நீங்க பேசிக்கோங்க. அந்த ஊர்ல புள்ளைங்க கட்டிலுக்குக் கீழ பூந்துக்குதுங்களே, அதுக்குப் பேரு பயம். அது எனக்குத் தெரியும். யாரு போட்டாங்க, எதுமேல போட்டாங்க, செத்தவங்க இன்னா செஞ்சிக்கினு இருந்தாங்க, இத மட்டும் எழுதுங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?”

நானும் மூர்த்தி சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் இதழியல் டிப்ளமா படித்தவர்கள். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் முதல் பக்கத்தின் கீழ்ப்பாதி மூர்த்தி சாருடைய ராஜ்ஜியம். சுற்றுவட்டாரக் கோயில்களைப் பற்றி எழுதுவார், ஒரு எழுத்து குறைத்தாலும் இரண்டு நாள் பேசமாட்டார். அன்றைக்குப் பனமலைக் கோயில் கட்டுரை பக்கத்தில் ஏறியாகிவிட்டது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் லே-அவுட் பண்ணுகிறவரிடம் சொன்னார்:

“பனமலைய எடுத்துடுப்பா. அது ஆயிரம் வருஷத்துக்கு மேல அங்கதான் இருக்குது, எங்கயும் ஓடாது.”

அந்த மனிதரை எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

4. வெளிவந்தது

‘பேக்கரி மீது ராணுவம் குண்டு வீசியது, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த 9 தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர்’. மூன்று வரித் தலைப்பு. ராணுவம் எந்த நாட்டுடையது என்பது செய்தியின் முதல் வரியிலேயே இருந்தது. ஒன்பது பேரின் பெயரும் ஒவ்வொருவர் பார்த்த வேலையும் போட்டோம். பண்ருட்டிக்காரர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். கீழே கட்டம் கட்டி, ‘இவர்களைப் பயங்கரவாதிகள் என்று எழுதியது எங்கள் தவறு. அது குண்டு வீசிய ராணுவத்தின் கூற்று. அதைச் சரிபார்க்காமல் எங்கள் சொல்லாக வெளியிட்டோம்’ என்று எழுதினேன். வழக்கமாகத் திருத்தத்தை ராசிபலனுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒளித்துவைப்போம். இது பெரிய எழுத்தில் வந்தது.

இரண்டு பேர் போன் பண்ணித் திட்டினார்கள். ஒருத்தர், தேசத்துரோகி என்றார். எந்த தேசத்துக்கு என்று கேட்டேன், வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாருடைய கூற்று என்பதை வெட்டாதீர்கள், அடைமொழியை வெட்டுங்கள். செய்தவன் பெயர் இல்லாத வாக்கியம் வந்தால் நின்று பாருங்கள். பயங்கரவாதமா இல்லையா என்று என்னைக் கேட்டால், ஜனம் சாகும் என்று தெரிந்தே போட்டது பயங்கரவாதம்தான், போட்டவன் கொடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும். மூர்த்தி சார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வாரம் ஒரு தடவை போனில் இதையே சண்டை போடுகிறோம். அவர் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள் சண்டை போட!

5. கல்

ஒன்றரை மாதம் கழித்துத்தான் தாவீதின் உடல் பெட்டியில் வந்தது. அடக்கத்துக்கு நானும் மூர்த்தி சாரும் போனோம். அதற்கப்புறம் கல்லறைக் கல் நடுகிற அன்றைக்கும் எஸ்தர் கூப்பிட்டிருந்தாள். கல்லில் எழுத்து வெட்டுகிறவர் எழுதவேண்டியதைக் கேட்டார். பாஸ்டர் வழக்கமானதைச் சொன்னார்:

“கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னு போட்டுடலாம்.”

எஸ்தர் அவரைப் பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னாள். “அவரு தூங்கலீங்க ஐயா. வேலை செஞ்சிக்கினு இருந்தாரு.”

பாஸ்டர் குனிந்து கல்லில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு, “அத மொதல்ல போடலாம்மா. வசனத்தக் கீழ போடலாம். கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டார்” என்றார்.

எஸ்தரின் மகள் அன்றுவரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள். சாக்கட்டியால் கல்லில் எழுதி முடித்ததும் முன்னால் வந்து நின்றாள். எழுத்து சரியாக இருக்கிறதா பார்க்கச் சொன்னோம். ஊரே கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தாள்:

“தாவீது. ரொட்டித் தொழிலாளி. வேலை செய்துகொண்டிருந்தபோது ராணுவம் குண்டு வீசியதில் கொல்லப்பட்டார்.”

படித்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, “எங்க மிஸ்ஸுகிட்ட திங்கக்கெழம வர்றேன்னு சொல்லிடும்மா” என்றாள்.