ஆமைக்கு வெட்டின வலை

வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மஞ்சள் கரைக்கிறபோதெல்லாம், சல்லிக் கடற்கரையில் அப்பா வலை வைத்திருந்த, தென்னங்கிடுகு வேய்ந்த மீன்வாடி அந்த வாசத்தோடு நினைவுக்கு வரும். அந்த இடத்தில் இப்போது கம்பிவேலி.

கரைவலையில் மீனோடு ஆமையும் அகப்பட்டால் அப்பா மீனைப் பார்க்க மாட்டார். புது வலை என்றாலும் கத்தியால் வெட்டி ஆமையை எடுத்து, கழுத்தைத் தடவி, முதுகில் மஞ்சள் தண்ணீர் வார்த்து, “போயிட்டு வாங்கோ, தாயே” என்று, அம்மனையே வழியனுப்புகிற மாதிரி கடலில் விடுவார். என் தலையை அவர் அப்படித் தடவினதில்லை. ஆமையைக் கண்டாலே எனக்கு வயிறெரியும்.

சின்ன வயசில் ஒருநாள் காயப்போட்ட வலைக்குள் நானே புகுந்து, கைகால் சிக்கும்வரை உருண்டு, அப்பா வருவாரென்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்.

வந்தவர், “ஆடாதையடி, வலை கிழிஞ்சுபோகும்” என்றார்.

பக்கத்தில் நின்ற மாமா சிரித்தார். “அத்தான், இதுக்கும் கொஞ்சம் மஞ்சள் தண்ணி ஊத்துங்கோவன்.”

அப்பா சிரிக்கவில்லை. என் விரல்களிலும் தலைமயிரிலும் சிக்கின கண்ணிகளை ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கழற்றினார். ஒரு நூல்கூட அறவில்லை.

அம்மன் தாயே, அப்பா காலமாகி உன்னட்டை வந்து எத்தனையோ வருசம். எனக்காக ஒரு நூலாவது வெட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் கிடந்து எரியுது.