திரும்பக் கூப்பிடக்கூடிய விமானம்

“நேத்து கத்திரிக்காயா வந்த பிள்ளை இன்னைக்குக் கலெக்டராப் போகுதுப்பா!” திருமங்கலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் எங்கள் கடை வாசலைப் பார்த்துச் சொன்னது காதில் விழுந்தது. மாறுவேட உடைகளை வாடகைக்கு விடும் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆண்டு விழாவுக்கு முந்தின சாயங்காலம் பிள்ளையை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஓடியவரா நீங்கள்? அப்படியானால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பட்ட பாடும் உங்களுக்குப் புரியும்.

முதலை

பரவைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடிக்கும் நாடகம்; விஷயம், அணு ஆயுதப் பாதுகாப்பு. தரையிலிருந்து பாய ஓர் ஏவுகணை, கடலுக்குள் ஒளிய ஒரு நீர்மூழ்கிக் கப்பல், வானத்துக்கு ஒரு போர் விமானம், கையில் போனோடு ஒரு பிரதமர், கறுப்பு அங்கியில் ஓர் எதிரி.

“யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்க. அடிச்சா திருப்பி விழும்னு எதிரிக்குத் தெரியணும், அம்புட்டுத்தான் கதை” என்றார்.

நான் இயற்பியல் படித்துவிட்டு இந்தக் கடையில் வேலை பார்ப்பவள். எல்லாவற்றையும் ரசீதில் வரிசையாக எழுதிக்கொண்டேன். முதலாளி சுவரில் தொங்கிய உடைகளை ஒரு நோட்டம் விட்டார். “நீர்மூழ்கிக்குக் கவலைப்படாதீங்க டீச்சர், முதலை டிரஸ்ல வாலை மட்டும் வெட்டிருவோம்.”

ஏவுகணையின் அம்மா

ஏவுகணையைத் தெர்மாகோலில் செய்தோம். போட்டுப் பார்த்த பையனால் உட்காரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. நாட்டின் பெருமை அது இது என்று முதலாளி பேசிக்கொண்டே இருந்தார். பையனின் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “எல்லாஞ் சரிம்மா, ஒன்னுக்கு வந்தா இதை எந்தப் பக்கம் தொறக்கணும்?”

விமானத்தின் பகை

விமானம், நஸ்ரின். எதிரி, அவள் பெஞ்சிலேயே உட்காரும் கதிர். அவளுடைய புது கலர் பென்சில் டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்து நொறுக்கியவன். நான் இறக்கைக்கு ஊக்கு குத்தும்போது அவள் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “மேடையில வச்சு ஒரே இடி.”

“அடியே, ஒருத்தரை ஒருத்தர் தொட்டாலே நாடகத்தை நிப்பாட்டிருவாகளாம்” என்று அவள் அம்மா பதறினார். “அத்தா கடையை அடைச்சுட்டு வாராக. மானத்தை வாங்கிராதடி.”

பிள்ளைகளோடு வந்திருந்த டீச்சர் குனிந்து, பொறுமையாக விளக்கினார். ஏவுகணை கிளம்பினால் கிளம்பியதுதான். விமானத்தை மட்டும் பாதி வழியிலும் திரும்பக் கூப்பிடலாம். அதனால்தான் எதிரி பார்க்கும்படி அதைக் கிளப்புகிறோம். பார்த்துப் பயந்து அவன் அடங்கிவிட்டால், பிரதமர் ‘திரும்பி வா’ என்பார். உடனே வந்துவிட வேண்டும்.

நஸ்ரின் நன்றாக யோசித்தாள். “அப்ப மிஸ், கூப்பிடுற வரைக்கும் போலாம்ல?”

காணோம்

விழாவன்று உடை மாட்டிவிட என்னையும் அனுப்பினார்கள். நாடகம் தொடங்கும் நேரத்தில் நீர்மூழ்கியைக் காணோம். இரண்டு டீச்சர்கள் கழிப்பறை வரை தேடினார்கள். கடைசியில் சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்துக்குப் பின்னாலிருந்து நான்தான் இழுத்து வந்தேன். பையனுக்கு என்மேல் ஒரே கோபம். “கடலுக்குள்ள இருக்கிறவனை எதுக்குக்கா தேடுறீங்க?”

வானத்தில்

விமானம் கிளம்பியது. இறக்கையை விரித்துக்கொண்டு நஸ்ரின் நேராகக் கதிரை நோக்கி ஓடினாள். பிரதமர் போனைக் காதில் வைத்தார், கூட்டத்தைப் பார்த்தார், ‘திரும்பி வா’ மறந்தே போனது. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எடுத்துக் கொடுத்ததும் அவர் காதில் ஏறவில்லை. முன் வரிசையில் நஸ்ரினின் அம்மா பாதி எழுந்துவிட்டார்.

கதிரை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது விமானம் நின்றது. பிரதமரைத் திரும்பிப் பார்த்தது. உத்தரவு இல்லை. உடனே அவனைச் சுற்ற ஆரம்பித்தது. இறக்கை அங்கியில் படவில்லை; படாமலும் விடாது போலிருந்தது. கதிர் அவளோடு சேர்ந்து சுற்றினான். கண் சொருகியது. கடைசியில் எதிரி நாடே பிரதமரைப் பார்த்துக் கத்தியது: “டேய் மாப்ள, இவளைக் கூப்பிட்டுத் தொலைடா!”

பிரதமர் போனைக் கீழே வைத்தார், நடந்து வந்தார், விமானத்தின் இறக்கை நுனியைப் பிடித்து மேடையைவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.