நீலத் தரைக்குக் கீழே இரண்டடி

பக்கெட் நான்காவது முறையும் வெறும் கறுப்புத் தண்ணீரோடு மேலே வந்தது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய தெரு. காலை பத்து மணி வெயில். மேன்ஹோலில் கழிவுநீர் முக்கால்வாசி ஏறி நின்றது.

எங்கள் கம்பெனி, சாக்கடை அடைப்பெடுக்கும் ரோபோவை இயக்குகிறது. நான் சைட் இன்ஜினியர். ரோபோவின் கையை ஓட்டுபவர் கண்ணப்பன். என் வயதுதான், நாற்பத்தெட்டு. பதினேழு வருடம் அதே குழிகளுக்குள் இறங்கியவர், இப்போது ஏஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே நிற்கிறார். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தார் ரோடு கரைந்துபோகும். பைப், குழி, குழியின் தரை எல்லாம் நீலக் கோடுகளாக எழும். நடுவே ரோபோவின் கை, நுனியில் பக்கெட்டோடு, மஞ்சளாக இறங்கும். கேமராவுக்குக் கண் தெரியாத கலங்கலிலும் கை எங்கே போகிறது என்று தெரியும். முதல் தடவை மாட்டியபோது எனக்குக் கால் கூசியது, தண்ணீர்மேல் நிற்பதுபோல.

அன்றும் மஞ்சள் பக்கெட் நீலத் தரையில் பூப்போல உட்கார்ந்தது. 'பாட்டம் டச்' என்று எழுத்து மின்னியது. அதற்குக் கீழே கை போகாது. தரையில் மோதி உடையாமலிருக்க நாங்களே போட்ட பூட்டு. ஆனால் மண் மட்டும் வரவில்லை.

எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்தார். "காலம்பறலேர்ந்து ஆத்துல பாத்ரூம் பூரா ரொம்பிண்டு வர்றது. நீங்க கண்ணாடி மாட்டிண்டு சினிமா பாத்துண்டிருக்கேளா?"

தெருவே சிரித்தது. தள்ளுவண்டிக்காரர் கண்ணப்பனைச் சீண்டினார்: "இன்னா நைனா, நீ எறங்குன ஆளுதானே? அஞ்சு நிமிஷ வேலை!"

போனில் மேனேஜரும் அதையே சுற்றி வளைத்துச் சொன்னார். "கண்ணப்பன் கூட இருக்காரே... பாத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லல."

திரும்பினால், கண்ணப்பன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே முழுக்கு சார். கையால தொட்டா தெரிஞ்சிரும். இவங்க பேச்சைக் கேட்டுக்கினு நிக்க முடியல."

குழியோரம் வைத்திருந்த விஷவாயு மீட்டர் விடாமல் கத்தியது. நான் அவருக்கும் குழிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"என்னைத் தள்ளிட்டுத்தான் இறங்கணும்."

"ஒண்ணியும் ஆவாது சார். பதினேழு வருஷம்..."

"முடியாதுங்க."

"அப்ப இன்னாதான் செய்ய? மிஷினே கையை விரிச்சிருச்சு!"

"மேல இருந்தே ஆழம் பாக்க வழி இருக்கா?"

கண்ணப்பன் சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டார். பிறகு லாரியிலிருந்து நீளமான மூங்கில் பிளாச்சை இழுத்து வந்து குழிக்குள் விட்டார். எங்கள் படத்தில் ஆழம் ஒன்பதடி. பிளாச்சு ஒன்பதைத் தாண்டியும் சேற்றுக்குள் நழுவிப் போனது. பதினோரு அடியில்தான் முட்டியது.

கண்ணப்பன் எதிர்வீட்டு வாசலைக் காட்டினார். "மாமி வூட்டுக்குள்ள ஏறியா போறாங்க? எறங்கிப் போறாங்க சார். பழைய ரோட்டு மேலயே புது ரோடு போட்டுக்கினே கீறாங்க. உங்க படம் இன்னும் பழைய ரோட்லயே நிக்குது."

உண்மை முகத்தில் அறைந்தது. ட்ராயிங்கில் இருந்தது அந்தக்கால ரோட்டிலிருந்து அளந்த ஆழம். கண்ணாடி எங்கிருந்து ஆழத்தை எண்ண வேண்டும் என்று காட்டும் மார்க்கர் அட்டையை நான் இன்றைய ரோட்டில் ஒட்டி, அங்கிருந்து ஒன்பது என்று கொடுத்திருந்தேன். பக்கெட் இவ்வளவு நேரமும் அந்தரத்தில் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்து, "மிஷின் மேல தப்பில்லை, தப்பு என்னுது" என்றேன். டேப்லெட்டில் பதினொன்று என்று மாற்றினேன்.

கண்ணாடியை மாட்டிய கண்ணப்பன் சொன்னார்: "சார், தரை எறங்குது."

அடுத்த பக்கெட் கனத்து வந்தது: சேறு, ஒரு செங்கல், கந்தல் போர்வை. இன்னும் இரண்டு பக்கெட். குழி தொண்டையைத் திறந்து, தேங்கியதையெல்லாம் கரகரவென்று விழுங்கியது.

"போறது! போறது!" என்று உள்ளேயிருந்து மாமியின் குரல்.

"படம் முடிஞ்சிச்சு மாமி!" என்றார் கண்ணப்பன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, கண்ணாடி நாம் கொடுத்த எண்ணைத்தான் வரையும். எண் தப்பானால், தப்பையே அழகாக வரையும். பிளாச்சு விட்டு அளந்த பிறகு மார்க்கரை ஒட்டுங்கள். மிஷின் திணறினால் தப்பைத் தேடுங்கள். இறங்க ஆள் தேடாதீர்கள்.

குழிக்குள் இறங்கிய நாட்களில் கண்ணப்பன் அடையாறு வரை நடந்தே வீட்டுக்குப் போவாராம். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். அன்று மதியம் லஸ் நிறுத்தத்தில் அவரை பஸ் ஏற்றிவிட்டு நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்து ஏறியவர் ஒரு கணம்கூட யோசிக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.