எட்டாம் வசனத்தோடு நிறுத்திய பாடம்

வீடு வீடாகப் போய் வேதம் படிப்பிக்கிற வேலையில் பாடத்தை ஆயத்தம் பண்ணலாம், கேட்கிறவர்களின் வாயை ஆயத்தம் பண்ண ஏலாது. உங்களில் யாராவது எபிரெயர் நிருபம் என்கிற வேதக் கடிதத்தை வைத்துப் பெண்கள் வகுப்பு நடத்திப் பட்டிருந்தால், என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

கடா வெட்டின கோயில்

அறுபதுகளில் உடுவிலில் இருந்து சண்டிலிப்பாய்க்குப் போய் நல்லம்மா வீட்டு விறாந்தையில் வகுப்பு வைப்பேன். நல்லம்மா புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவள். புருஷனும் மாமியாரும் சைவம். மாமியார் வகுப்புக்கு வரமாட்டா. குசினி வாசலில் வெங்காயம் உரித்தபடி ஒரு சொல் விடாமல் கேட்பா.

இந்த நிருபம் யேசுவை நம்பிய யூதருக்கு எழுதினது, பழைய ஆலயத்துக்கும் பலிக்கும் திரும்பிப் போகப் பார்த்தவர்களுக்கு எழுதினது என்று தொடங்கி, ஆட்டு இரத்தம், காளை இரத்தம் போதாது, ஒருவரே எல்லாருடைய குற்றத்தையும் தன் பேரில் சுமந்தார் என்று உற்சாகமாக விளக்கினேன். வெங்காயம் உரித்த கை நின்றது.

“ரீச்சர், நாங்கள் வெள்ளிக்கிழமையிலை மீன் சட்டியைத் தொடவே மாட்டம். உந்த யூதர் கோயிலுக்குள்ளை கடா வெட்டினவையோ?”

முள் விளைந்த நிலம்

கிழமைக்கு இத்தனை வசனம் என்று மிஷன் மேலிடத்தில் பாடத்தை வெட்டித் தருவார்கள். ஆறாம் அதிகாரத்தில் எட்டாம் வசனத்தோடு நிறுத்தச் சொல்லிக் கட்டளை. விசுவாசத்தை ஒருதரம் ருசி பார்த்துவிட்டு விலகினவனைத் திரும்பப் புதுப்பிக்க முடியாது, முள் விளைந்த நிலத்துக்கு நெருப்புத்தான் என்கிற பகுதி அது. வாசித்தேன், ஜெபித்தேன், பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த கிழமை போனால் நல்லம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சாப்பாடில்லை, ஜெபமுமில்லை. அந்த வகுப்புக்கு முந்தின நாள் மகளுக்குக் காய்ச்சல் கொதித்ததாம். மாமியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் பிள்ளைக்குத் திருநீறு பூச, பயத்தில் இவளும் கைகூப்பி நின்றுவிட்டாளாம். பிள்ளை எழும்பி விளையாடுகிறாள், தாய்தான் எழும்பவில்லை.

“எனக்கு இனித் திரும்ப வழியில்லை எண்டு நீங்கள்தானே ரீச்சர் வாசிச்சனீங்கள்.”

அடுத்த வசனம்

கட்டளையும் மண்ணாங்கட்டியும் என்று அங்கேயே வேதத்தைத் திறந்தேன். ஒன்பதாம் வசனத்திலேயே நிருபத்தை எழுதின மனுஷன், இப்படிச் சொன்னாலும் உங்களைப் பற்றி எங்களுக்கு நல்ல நம்பிக்கைதான் என்று தேற்றுகிறார். அந்த ஒரு வசனத்தைத் தள்ளி வைத்து ஒரு பெண்ணை ஒரு கிழமை நரகத்தில் போட்டிருக்கிறோம்!

“அது யூதருக்கு எழுதினது ரீச்சர், எனக்கில்லை” என்றாள் நல்லம்மா.

“வெருட்டினது உனக்கு, தேற்றினது மட்டும் யூதருக்கோ?” என்று ஏசினேன். அவள் அழுதாளே தவிர எழும்பவில்லை.

அப்போதுதான் மாமியார் கையைக் கழுவிவிட்டு வந்து, முதன்முதலாக என் பக்கத்தில் பாயில் இருந்தா. வேதத்துக்காரரோடு சண்டைக்குத்தான் வருகிறா என்று நினைத்தேன்.

“திருநீறு பூசினது நான். குற்றத்தை என்ரை பேரிலை போடச் சொல்லி உங்கடை ஆண்டவரிட்டைக் கேளுங்கோ. என்ரை மருமகள் எழும்பிச் சாப்பிடட்டும்.”

நல்லம்மா எழும்பி மாமியார் தந்த கஞ்சியைக் குடித்தாள். அந்த நிருபத்தை யார் எழுதியதென்று பெரியவர்கள் இன்னும் தர்க்கப்படுகிறார்கள், சண்டிலிப்பாயில் அது யாருக்கு விளங்கியதென்று மட்டும் நான் மேலிடத்துக்கு அறிவிக்கவேயில்லை.