மாமா கையில் விழுந்த அடி

எங்கள் குடும்பத்தில் புருஷனைக் கை நீட்டி அடித்தவள் என்று பேர் வாங்கியது என் அத்தை ஒருத்திதான். அந்தப் பேரைச் சங்கரன்கோவிலில் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியம் என்னுடையது. அப்போது எனக்கு எட்டு வயது.

அம்மாவின் தம்பியான மாமா, வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதற்குப் பாட்டரி பின் சீட்டுக்கு அடியில், ஒரு பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் அடியில் காற்றுப் போக ஓர் ஓட்டை. திருவேங்கடத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அந்த ஓட்டை வழியாகக் கரிசல் புழுதி ஏறி அம்மாவின் பட்டுப்புடவையைப் பாழாக்கிவிட்டது. திரும்பும்போது அம்மா பழைய வேட்டியைக் கிழித்து ஓட்டையை இறுக்கி அடைத்தாள். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

பாதி வழியில் காருக்குள் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, மொச்சையை அள்ளி அள்ளித் திங்காதன்னு அப்பமே சொன்னேம்லா?" என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

நான் இல்லை என்று அழுதேன். யார் நம்புவார்கள்? நாற்றம் கூடிக்கொண்டே போகவே, மாமா காரை ஓரங்கட்டி எங்களை இறக்கிவிட்டார். பின் சீட்டைத் தூக்கி, பெட்டி மூடியைத் திறந்தார். பொழுது மசங்கிவிட்டதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நன்றாகக் குனிந்துகொண்டு தீப்பெட்டியை எடுத்தார். தப்பு என்னுடையதல்ல என்று கண்ணால் பார்த்துவிட வேண்டுமே! நானும் அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினேன்.

அத்தைக்கு மாமாவோடு கல்யாணமாகி இரண்டு மாதம்தான். பெரியவர்கள் முன்னால் அவள் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. "கொளுத்தாதீய!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள், மாமாவின் கையில் விட்டாள் ஓர் அடி. தீப்பெட்டி பறந்துபோய்க் காட்டில் விழுந்தது.

"யாரைக் கை நீட்டுத?" அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மதினி, உள்ள பாட்டரி கேஸ் கட்டி நிக்கு, தீ பட்டா வெடிச்சிரும். எங்க அண்ணாச்சிக்குக் கண்ணு போனது இப்படித்தான்."

பனவடலிசத்திரத்தில் மைக்செட் கடை வைத்துப் பாட்டரி சார்ஜ் செய்து கொடுத்தவர் அவள் அண்ணன். அவருடைய மூடிப்போன இடது கண்ணை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மாவே போய் அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

எனக்கு இதெல்லாம் காதில் ஏறவே இல்லை. அடி விழுந்ததே, அது போதாதா? மறுநாள் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அத்தை ஒருநாளும் என்னைக் கோபித்ததில்லை. இன்று இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்றால், அது அவள் போட்ட பிச்சை.

அன்று நாற்றம் அடங்கும்வரை எல்லோரும் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். மாமா, அக்காவும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தையின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவே இல்லை. மறுபடியும் அடித்துவிடுவாளோ என்று பயந்துதான் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.